நாலு சுத்து நெல்லு

— போதும்னு சொல்லு தம்பி. விரலு தேயுது, கல்லு தேயல.

— இன்னும் கொஞ்சம்க்கா. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிக் காட்டு. ம்ஹூம். இன்னும் மங்கலா இருக்கு. இந்தப் பக்கம் நான் கைய வெச்சா, அந்தப் பக்கத்துலேர்ந்து உனக்கு விரலு தெரியணும்.

— கல்லுக்குள்ளாற விரலு தெரியுமா? பரஞ்சோதி, மரவள்ளிக்கெழங்கா தின்னு தின்னு உனக்குப் பித்தம் தலைக்கு ஏறிப்போச்சு.

— தெரியும்க்கா. ஈ றெக்க கனத்துக்கு வந்தா கல்லும் கண்ணாடிதான். வெள்ளக்காரன் காலத்துல கல்லு ஆபீசுல ஒம்போது வருசம் இந்த வேலதானே பாத்தேன். கல்ல சின்னத் துண்டா ஒடைக்கிறது, தேய்க்கிறது, கண்ணாடிச் சில்லுல ஒட்டுறது. அப்புறம் பூதக்கண்ணாடியில வெச்சு, உள்ள என்ன பூச்சி இருக்குன்னு பாக்குறது.

— நாளைக்கழிச்சு காலையில லோரி வருது. எம்பத்தாறு பேரு. உன் மச்சான் பேரு அதுல முப்பத்திரண்டாவது. நீ கல்லுக்குள்ள பூச்சி தேடிக்கிட்டு இருக்க.

— மச்சானுக்காகத்தான்க்கா தேடுறேன். ஹிராத்தா என்ன சொல்லிட்டுப் போனான்? இந்தத் தோட்டத்து மலையில கறுப்புத் தாது இருக்குன்னு காட்டினா, தோண்டுறதுக்கு ஆள் இங்கயே வேணும், சயாம் ரயில் ரோடு போடுறதுக்கு ஒருத்தரையும் அனுப்ப வேண்டாம்னு சொன்னானா, இல்லையா?

— சொன்னான். ஜப்பான்காரன் பேச்ச நம்பச் சொல்ற.

— வேற யாரு பேச்ச நம்புறது? நீயே சொல்லு.

— கொண்டா அந்த மணல. இன்னும் கொஞ்சம் தூவு. தேய்க்கிறேன்.

— மெதுவா. அழுத்தாத. வட்டம் வட்டமா கொண்டு போ. அழுத்தினா நடுவுல பிட்டுக்கும். பால் வெட்டுற கை உனக்கு, பட்ட எவ்வளவு ஆழம் போகலாம்னு தெரியும்ல? அந்தக் கணக்குதான்.

— பால் வெட்டி ஒன்றரை வருசம் ஆகுது. ரப்பர வாங்குறதுக்கு யாரு இருக்கா? இப்ப மரவள்ளி நடுற கை இது. சரி, இந்தா, பாரு. உன் மூஞ்சி தெரியுது.

— தெரியுதா! குடு, குடு. டாமாரு உருகிடுச்சா அந்த டின்னுல? ஒரு சொட்டு விடு. ஆபீசுல இதுக்குன்னு சீமையிலேர்ந்து பிசின் வரும். இங்க காட்டு டாமாரு. பரவால்ல, நல்லாத்தான் ஒட்டுது. சன்னல்கிட்ட வா. வெயிலு இருக்கும்போதே பாத்தாகணும்.

— மருந்து குடுக்குற டிரஸ்ஸரு காய்ச்சக்காரங்க ரத்தத்தப் பாத்த பூதக்கண்ணாடியில நீ கல்லப் பாக்குற. அவரு இருந்திருந்தா உன்ன ஆஸ்பத்திரிக் கொட்டாயிப் பக்கமே விட்டிருக்க மாட்டாரு.

— கீழ இருக்கிற சின்னக் கண்ணாடிய வெயிலுக்குத் திருப்பு. இன்னும். அங்கதான். ஆங்! வந்துட்டான். அக்கா, நீ பாரேன்.

— நான் என்னத்தப் பாக்க... அட! நெல்லு! தம்பி, நெல்லு மாதிரியே இருக்குடா!

— நெல்லுதான். எங்க தொரை வெச்ச பேரு வாயில நுழையாது. நான் நெல்லுப்பூச்சின்னுதான் சொல்றது. அதுல ஒண்ணு குறுக்கால வெட்டுப்பட்டு வட்டமா தெரியுதா? உள்ள பாயச் சுருட்டி வெச்ச மாதிரி சுத்துச் சுத்தா இருக்கும்.

— இருக்கு. நடுவுல ஒரு புள்ளி, அதச் சுத்திச் சுத்திப் போகுது. வாயில போட ஒரு பிடி அரிசி இல்ல, கல்லுக்குள்ள மூட்ட மூட்டையா நெல்லு!

— இது கடல்ல இருந்த பூச்சிக்கா. செத்து அடியில விழுந்து, சேறோட சேறா இறுகிக் கல்லாப் போனது.

— கடலா? கடல் தஞ்சோங் டாவாய்லல்ல கெடக்கு! பாலிங் ரோட்டு மலையில கடலுக்கு என்ன வேல?

— ஒரு காலத்துல இங்கயும் இருந்துச்சு. மனுசனே இல்லாத காலம். அதுல ஒரு வசதி என்னன்னா, இந்தப் பூச்சி காலத்துக்குக் காலம் மாறிக்கிட்டே வரும். மொத மொத இருந்தது சின்னது, நாலு சுத்துதான். அப்புறம் அஞ்சு, ஆறு. கடைசியா வந்தது பெருசு, எட்டுச் சுத்து. அதனால கல்லு எந்த ஊருல கெடந்தாலும் சரி, சுத்த எண்ணினா அது எந்தக் காலத்துக் கல்லுன்னு சொல்லிடலாம்.

— சரி. அதுக்கும் கறுப்புத் தாதுக்கும் என்ன?

— வடக்கு மலையில ஹிராத்தா ஏற்கனவே தாது எடுக்குறான்ல? அங்க அடியில தாது. அத ஒட்டி மேல நாலு சுத்து நெல்லு இருக்கிற சுண்ணாம்புக்கல்லு. அதுக்கு மேல ஆறு, எட்டுன்னு போகுது. அப்போ நம்ம மலையில நாலு சுத்துக் கல்லு எங்க இருக்கோ, அதுக்குப் பக்கத்துல தாது இருக்கணும். இத்தன தூரத்துல இருக்கிற ரெண்டு மலையும் ஒரே அடுக்குன்னு சொல்ல, இந்த நெல்லு ஒண்ணுதான் சாட்சி.

— இப்ப பாத்தது எத்தன சுத்து?

— பொறு, எண்ணுறேன். அஞ்சு.

— நாலுன்னு எழுது.

— அக்கா!

— ஏன் கத்துற? அஞ்சுக்கும் நாலுக்கும் ஒண்ணுதானே வித்தியாசம். கல்லு வந்து கேக்கவா போகுது?

— கல்லு கேக்காது. ஹிராத்தா கேப்பான். அவங்க நாட்டுல இந்தப் பூச்சிய ஊரு ஊரா ஆராய்ஞ்சு வெச்சிருக்காங்க. நான் தேய்க்கத் தெரிஞ்சவன், அவன் படிச்சவன். இந்தக் கண்ணாடியில கண்ண வெச்சான்னா ஒரு நிமிசத்துல தெரிஞ்சிடும். அப்புறம் என் தல மட்டுமா போகும்?

— அப்ப வடக்கு மலைக் கல்லுல ஒரு துண்ட வெச்சிடு. அவன் மாதிரிக்குக் குடுத்துட்டுப் போனது இங்கதானே கெடக்கு. நம்ம மலையில எடுத்ததுன்னு சொல்லு.

— அந்தக் கல்லு செகப்போடுன நெறம். நம்ம கல்லு சாம்பல். கண்ணாடியே வேணாம், வெறும் கண்ணுக்கே தெரியும். நான் யோசிக்காம இருப்பேனாக்கா? மூணு நாளா அதத்தான் யோசிக்கிறேன்.

— அப்ப என்னதான் பண்ணுறது!

— நெசத்தத் தேடுறது. வேற வழி இல்ல. யாரோ வர்றாங்க. கணக்கெழுதுற கிராணி ஐயா போல.

— ஓம், நான்தான். கார்த்திகேசு. கதவைச் சாத்தாதே செல்லாயி. என்ன காணும் பரஞ்சோதி, முடிஞ்சுதோ? சுங்கை பட்டாணியிலிருந்து ஆள் வந்தது. ஹிராத்தா நாளைக்குக் காலமை பத்து மணிக்கு வாறானாம்.

— நாளைக்கேவா? நாளைக்கழிச்சுன்னுல்ல சொன்னான்!

— லோரி நாளையிண்டைக்கு. அதுக்கு முன்னம் தெரிய வேணுமாம். நான் சொல்லுறதைக் கேளும். ‘அதே கல்தான்’ எண்டு ஒரு வரி எழுதித் தாரும். நான் இங்கிலீசில தட்டிக் குடுக்கிறன். தோண்டட்டும். தோண்டித் தாது வராட்டி பிறகு பாப்பம்.

— எழுதுறதுன்னா கிராணி ஐயாவுக்கு லேசு. போன பங்குனியில நாப்பது பேர எழுதின கை.

— செல்லாயி...

— சொல்லுங்கய்யா. அந்த நாப்பதுல எத்தன பேரு திரும்பி வந்தாங்க? குழந்தைவேலு வந்தானா? பாப்பம்மா புருசன் வந்தானா? ஒரு கடுதாசியாவது வந்துச்சா?

— வரேல்ல. எனக்குத் தெரியாதே? நான் எழுதாட்டி லயத்து வீடுகளுக்குள்ள பூந்து கையில அகப்பட்டவனைப் பிடிச்சிருப்பினம். பிள்ளை குட்டி இல்லாத ஆக்களாப் பாத்து எழுதினன். அதுதான் என்னால ஏண்டது. இந்த முறை அப்பிடியும் எழுத ஏலாது. எண்பத்தாறு எண்டால் தோட்டத்தில ஆம்பிளை எண்டு சொல்ல மிச்சம் ஒருத்தரும் இல்லை. அதுதான் உம்மைக் கெஞ்சுறன், பரஞ்சோதி.

— ஐயா, பொய் எழுதினா ஹிராத்தா அங்கயே கண்டுபிடிச்சிடுவான். கண்டுபிடிச்சா லோரி வர்ற மறுநாள் வரைக்கும் கூட காத்திருக்க மாட்டாங்க. நாளைக்கு ஒம்போது மணி வரைக்கும் எனக்கு விடுங்க. அவ்வளவுதான் கேக்குறேன்.

— ஒன்பதரைக்கு வருவன். கடவுளே எண்டு நல்ல பதிலாச் சொல்லும்.

— போயிட்டாரு. என்னக்கா இப்படிப் பேசிட்ட?

— வேற யார்கிட்டடா பேசுறது? ஜப்பான்காரன்கிட்டயா? விடு. இதுவரைக்கும் தேய்ச்சத எல்லாம் ஒழுங்கா வெச்சுச் சொல்லு. எத்தன கல்லு, எத்தன சுத்து?

— நாலு கல்லு. மொத சாக்குல எட்டு. ரெண்டாவதும் எட்டு. மூணாவது ஆறு. இப்பப் பாத்த நாலாவது அஞ்சு. அதுலதான்க்கா எனக்குக் கோவம். நீ சாக்க மாத்திப்புட்ட.

— நானா? மாத்தினேனா?

— கோவிக்காத. அடியிலதான் பழசு இருக்கணும், மேலதான் புதுசு இருக்கணும். சேறு மேல சேறு விழுந்து வந்த மலை. நீ மலையடியில எடுத்தேன்னு சொன்ன மொத சாக்குல எட்டுச் சுத்து இருக்கு. அது கடைசிக் காலத்துப் பூச்சி. மேல எடுத்தேன்னு சொன்னதுல அஞ்சு. முழுக்கத் தலைமாடு கால்மாடா இருக்கு. எறங்கி வர்ற அவசரத்துல மாத்திக் கட்டிட்ட.

— இங்க பாருடா. உன் காலு நல்லா இருந்தா நீயே ஏறியிருப்ப. வெள்ளக்காரன் பாலத்த ஒடைச்சிட்டு ஓடுனப்போ சைக்கிளோட விழுந்து ஒடைச்சிக்கிட்டு வந்த. அதனால நான் ஏறினேன். ஏறும்போதே சாக்குல கட்டுன கட்டையப் பாராங்குக் கத்தியால வெட்டி அடையாளம் போட்டேன். அடிவாரத்துல ஒரு வெட்டு. வாழமரம் நிக்கிற எடத்துல ரெண்டு. வவ்வால் பொந்துக்கிட்ட மூணு. அதுக்கு மேல சரிவுல நாலு. எண்ணிப் பாரு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும்.

— நாலு வெட்டு... இது நாலாவதுதான்.

— அப்புறம்?

— சத்தியமா இது மேல எடுத்ததா?

— உன் மச்சான் மேல சத்தியம்.

— பொறு. பேசாத. கொஞ்ச நேரம் பேசாதக்கா.

— சரி, நான் டாமாரு டின்ன எறக்கி வெக்கிறேன்.

— அக்கா, ரப்பர் ஷீட்ட ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெச்சிருக்கோம். அந்த அடுக்க அப்படியே ரெண்டு கையால வாரி மடிச்சுக் கவுத்துட்டா?

— அடி ஷீட்டு மேல வந்துரும். அதுக்கென்ன இப்ப?

— அதான்! அதான்க்கா! இந்த மலை கவுந்து கெடக்குது! பூமி எப்பவோ நெளிஞ்சு மடிச்சுப் போட்டிருக்கு. பழசு மேல போயி, புதுசு அடியில வந்திருக்கு. நீ சாக்க மாத்தல. மலைதான் மாறிக் கெடக்குது.

— மலை கவுழுமா?

— ஒரே ஒரு தடவ எங்க தொரை இதப் பத்திச் சொல்லிக் கேட்டிருக்கேன். கண்ணால பாத்தது இல்ல. எட்டு, எட்டு, ஆறு, அஞ்சு. அப்படியே மேல போனா என்ன வரும்?

— நாலு!

— நாலு. வடக்கு மலையில நாலுக்கு அடியில தாது. இங்க எல்லாம் கவுந்து கெடக்குறதால, நாலுக்கு மேல தாது. உச்சியில இருக்கணும்க்கா. நாம தோண்டுறதுக்கு அடியில தேடிக்கிட்டு இருந்தோம். ஆனா அந்த உச்சிக் கல்லு நம்ம கையில இல்லையே.

— மணி என்ன இருக்கும்?

— பன்னெண்டு தாண்டியிருக்கும். ஏன்? அக்கா, அந்தச் செங்குத்துல நீ ஏறக் கூடாது. நாலாவது சாக்கு எடுத்த சரிவுக்கு மேல ஆளு ஏற மாட்டாங்கன்னு நீதானே சொன்ன?

— பக்கத்து வீட்டுக் காளியம்மாவக் கூட்டிக்கிட்டுப் போறேன். கெணத்துக் கயிறு இருக்கு. பொழுது இருக்கும்போதே கல்லோட வந்துருவேன். நீ மணலச் சலிச்சு வெய்யி.

*

— தண்ணி குடு மொதல்ல. அப்புறம் பேசு.

— ரத்தம்க்கா! முட்டி முழுக்க ரத்தம். கையெல்லாம் என்ன கரி?

— சறுக்கிட்டேன். கயிறு பாறையில உரசி அறுந்துபோச்சு. காளியம்மா கீழேர்ந்து கத்துன கத்துல வவ்வாலெல்லாம் கெளம்பிடுச்சு. பாராங்கு பள்ளத்துல விழுந்துருச்சு. கல்லு விழல. இந்தா, அஞ்சு வெட்டு. சாக்குக் கட்டையில பல்லால கடிச்சு அடையாளம் போட்டிருக்கேன்.

— உக்காரு. மருந்து போட்டு விடுறேன்.

— வெயிலு சாயுதுடா! மருந்து அப்புறம் போடலாம். கண்ணாடிய எடு, தேய்க்கிறேன்.

— இந்தத் தடவ நான் தேய்க்கிறேன். நீ உக்காந்து சொல்லு. மேல எப்படி இருக்கு?

— மேல மொட்டைக் கல்லு. இந்தக் கல்லு எடுத்த எடத்துக்கு மேல ஒரு அடுக்கு கன்னங்கரேல்னு இருக்கு. பிடிச்சு ஏறினேன், கையெல்லாம் ஒட்டிக்கிச்சு. தேய்ச்சாலும் போக மாட்டேங்குது. ஒரு துண்டு மடியில கட்டியாந்திருக்கேன். கையளவு துண்டுதான், கனத்தப் பாரு. ஈயம் மாதிரி இழுக்குது.

— எங்க, காட்டு... அக்கா!

— என்னடா? மூஞ்சி ஏன் அப்படிப் போகுது?

— ஹிராத்தா மாதிரிக்குக் குடுத்த தாதுத் துண்டு அந்த மேசையில இருக்கு. அத எடுத்து இதோட பக்கத்துல வெய்யி.

— ரெண்டும்... ஒண்ணுதான். தம்பி, ஒண்ணேதான்!

— சந்தோசப்படாத, இன்னும் தேய்க்கணும். வெறும் கறுப்புக் கல்லு எங்க வேணாலும் கெடக்கும். நெல்லு சொன்னாத்தான் அது இதே அடுக்கு, மலை முழுக்க ஓடுற அடுக்குன்னு அவன் நம்புவான்.

— தேய்டா. தேய். நான் டாமார உருக்குறேன்.

— சன்னல்ல வெயிலு எவ்வளவு இருக்கு?

— ஒரு சாண். பாதி மரத்துக்குக் கீழ எறங்கிட்டான்.

— போதும். ஒட்டு. ஊது, ஆறட்டும். சின்னக் கண்ணாடியத் திருப்பு. இன்னும் மேல. இன்னும்... பிடிச்சுக்க. ஆட்டாத.

— தெரியுதா?

— கண்ணாடிய ஆட்டாதன்னேன்ல, பொறு.

— பரஞ்சோதி, தெரியுதாடா?

— ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு. நாலுக்கா. பக்கத்துல இருக்கிறதும் நாலு. அதுக்கு அந்தப்பக்கம்... அதுவும் நாலு!

— முருகா! உன் மச்சான்கிட்ட போயி நான் சொல்லட்டா?

— பொறு. எங்கயும் போகாத. ஒண்ணு கேக்கணும். அந்தக் கறுப்பு அடுக்கு எவ்வளவு கனம்?

— என் இடுப்பு ஒசரம் இருக்கும்.

— அகலம்?

— உச்சி முழுக்கத்தான். காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்களம் அளவு இருக்கும். அதுக்கு மேல வெறும் வானம்தான்.

— வெறும் வானம். மேல இருந்ததெல்லாம் மழையில கரைஞ்சு போயிருக்கு. மிச்சம் நிக்கிறது தொப்பி மாதிரி கொஞ்சம்தான்.

— என்னடா சொல்ற?

— வடக்கு மலையில தாது மண்ணுக்குள்ள பத்திரமா இருக்கு, எடுக்க எடுக்க வரும். இங்க உச்சியில இருக்கிறத எம்பத்தாறு பேரு வெட்டினா மூணு மாசம். அதுக்கு மேல தாங்காது.

— மூணு மாசம் மூணு மாசம்தானே! அதுக்குள்ள என்னென்னவோ நடக்கும். சண்ட முடிஞ்சாலும் முடியும். நீ நெல்லப் பத்தி மட்டும் சொல்லு. மாசக் கணக்கெல்லாம் உன்ன யாரு கேட்டா?

— நானா சொல்ல மாட்டேன். ஆனா அவன் கேட்டான்னா சொல்லுவேன்.

— ஏண்டா! முட்டியத் தேய்ச்சிக்கிட்டு ஏறினது நான். எம்பத்தாறு உசுரு. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த உன்னால முழுங்க முடியாதா?

— கேளுக்கா. கோவப்படாமக் கேளு. அவன் எப்படியும் மேல ஏறுவான், அளப்பான். அளந்தா அவனுக்கே தெரிஞ்சிடும். நான் தெரிஞ்சே மறைச்சேன்னு பட்டுச்சுன்னா, மலை கவுந்து கெடக்குன்னு சொல்றதையும் நம்ப மாட்டான். நெல்லையும் நம்ப மாட்டான். நம்மகிட்ட இருக்கிறது இந்த ஒரு நம்பிக்கதான். அதுல ஓட்ட விழக் கூடாது.

— கேக்காம இருக்கணும்னு இன்னைக்கு விரதம் இருக்கேன்.

— தினமும் அதத்தானே இருக்கோம். முட்டியக் காட்டு, மருந்து போடுறேன்.

*

— செல்லாயி! செல்லாயி, எங்கே நிக்கிறாய்? கேட்டியோ!

— கத்தாதீங்க ஐயா. காலையிலேர்ந்து இந்தக் கொட்டாயி வாசல்லதான் நிக்கிறேன். தோட்டத்து ஆபீசுல என்ன ஆச்சு? என் தம்பி எங்க?

— பின்னால வாறான், கால் நோகுதாம். நீ கேள். ஹிராத்தா அந்தக் கண்ணாடியில கண்ணை வைச்சவன், அரை மணித்தியாலம் எடுக்கேல்ல. அஞ்சு சில்லையும் மாறி மாறி வைச்சுப் பாத்தான். பிறகு உன்ர தம்பி மலை கவிழ்ந்து கிடக்கெண்டு சொன்னதும் சிரிச்சான். எனக்கு உயிர் போயிட்டுது. திரும்பவும் குனிஞ்சு பாத்தான். பிறகு சிரிக்கேல்ல.

— மேல ஏறினானா?

— உன்ர மனுசன் பழனியாண்டியைத்தான் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஏறினான். நாடா பிடிச்சு அளந்தான். இறங்கி வந்து, என்னை வெளியில நிக்கச் சொல்லிப்போட்டு பரஞ்சோதியோட தனியக் கதைச்சான். பிறகு கூப்பிட்டு அறிக்கையைத் தட்டச் சொன்னான். ரெண்டு வருஷத்துக்குத் தாது! பொம்பிளையளும் சேத்து நூற்றிருபது ஆள்! இந்தத் தோட்டத்திலிருந்து ஒருத்தரையும் அனுப்பப்படாதெண்டு கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திட்டான். என்ர பட்டியலை என்ர கையாலயே கிழிக்கச் சொன்னான். கிழிச்சன், செல்லாயி. நாலா, எட்டா, பதினாறாக் கிழிச்சன்.

— ஐயா... அழுவாதீங்க. நேத்து நான் ஏதோ கோவத்துல...

— இல்லை, நீ சொன்னது சரிதான். விடு. நான் போய்ப் பெரட்டு மணி அடிக்கப் போறன். எல்லாருக்கும் சொல்ல வேணும்.

— போங்க, போங்க. தம்பி! இங்க வாடா. வா, உக்காரு. கேட்டியா, ரெண்டு வருசமாம்! நீதான் மூணு மாசம்னு பயமுறுத்தின. நல்ல வேள, அவன் கேக்கல.

— கேட்டான்க்கா.

— கேட்டானா?

— மொதக் கேள்வியே அதுதான். மேலேர்ந்து எறங்கினதும் வேர்வையக் கூடத் தொடைக்காம கேட்டான், எத்தன நாளைக்கு வரும்னு.

— நீ என்ன சொன்ன?

— மூணு மாசம்.

— அடப்பாவி! சொல்லிட்டியா! அப்புறம் எப்படி ரெண்டு வருசம்? கிராணி தப்பாத் தட்டிட்டாரா? அவனுக்குத் தெரியாமலா? தெரிஞ்சா என்னடா ஆகும்!

— கிராணி தப்பாத் தட்டல. அவன்தான் அப்படிச் சொல்லி எழுத வெச்சான். சத்தம் போடாத, அவரு அந்தப் பக்கம் போகட்டும்.

— போயிட்டாரு. சொல்லு.

— நான் மூணு மாசம்னதும் தன் அளவு நாடாவ எடுத்துக் காட்டினான். அவன் கணக்கும் அதேதான். மூணு மாசம். நான் பொய் சொல்றேனான்னு பாக்கத்தான் கேட்டிருக்கான். அப்புறம் கதவச் சாத்தினான். ரெண்டு வருசம்னு எழுதப் போறேன், யாரு கேட்டாலும் நீயும் அதையே சொல்லணும்னான்.

— அவனா? ஜப்பான்காரனா? நம்ம மேல அவனுக்கு என்னடா அம்புட்டு எரக்கம்?

— நானும் அதத்தான் கேட்டேன், எனக்குத் தெரிஞ்ச மலாய்ல. சட்டப் பையிலேர்ந்து ஒரு காகிதத்த எடுத்து மேசையில விரிச்சான். அவங்க எழுத்து, எனக்கு ஒண்ணும் புரியல. விரல வெச்சு அவனே படிச்சுச் சொன்னான்.

— என்னன்னு?

— இந்த மலையில ரெண்டு வருசத்துக்குத் தாது இல்லன்னா, நாளைக்கு வர்ற லோரியிலேயே அவனும் ஏறி சயாம் ரயிலுக்குப் போகணுமாம்க்கா.